ஆறரை மணி நேரமா, நாலு மணி நேரமா?

கேள்வி: மகன் அனுப்பிய டிக்கெட்டில் திருச்சியில் காலை 10.30-க்குப் புறப்பட்டு மாலை 5.05-க்குச் சிங்கப்பூரில் இறங்குவதாக இருக்கிறது. திரும்பும்போது காலை 8.00-க்குக் கிளம்பி 9.40-க்கே திருச்சியாம். போக ஆறரை மணி, வர ஒன்றே முக்கால் மணியா? – வாசகி, கும்பகோணம்

பதில்: டிக்கெட்டில் தப்பில்லை. கிளம்பும் நேரம் கிளம்பும் ஊர்க் கடிகாரப்படி, இறங்கும் நேரம் இறங்கும் ஊர்க் கடிகாரப்படி. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. போகும்போது அதைக் கழித்தால் 4 மணி 5 நிமிடம். வரும்போது கூட்டினால் 4 மணி 10 நிமிடம்.

தூரம் நேர்கோட்டில் சுமார் 2,980 கி.மீ. உலக உருண்டையில் திருச்சிக்கும் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நூல் பிடித்தால், அது ஒரத்தநாடு, திருத்துறைப்பூண்டிப் பக்கமாகப் போய் வேதாரண்யம் அருகே கடலில் இறங்கும். அப்புறம் வங்கக் கடல், சுமத்ராவின் வடபகுதி, மலாக்கா நீரிணை. விமானம் நூல் பிடித்தாற்போல் போகாது. குறித்துக் கொடுத்த வான்பாதையில்தான் போகும் என்பதால் கொஞ்சம் கூடும்.

இந்தத் தடத்தில் ஓடும் ஏர்பஸ் 320, போயிங் 737 ரகங்கள் உயரத்தில் மணிக்குச் சுமார் 830 கி.மீ. வேகம். அந்தக் கணக்கில் மூன்றே முக்கால் மணிக்குள் முடிய வேண்டும். மீதி நேரம் எங்கே போகிறது? டிக்கெட் கணக்கு விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, அங்கே போய் நிற்பதில் முடிகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மெதுவாக ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். சாங்கி நெரிசலில் வட்டமடிக்க நேர்ந்தால் என்று கொஞ்சம் சேர்த்தும் போட்டிருப்பார்கள். அதனால்தான் பல நாள் சொன்ன நேரத்துக்கு முன்பே இறங்கிவிடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் பக்கம் மேல்வானில் கீழைக்காற்று. போகும்போது எதிர்க்காற்று, வரும்போது தள்ளிவிடும். வித்தியாசம் சில நிமிடங்கள்தான்.

கேள்வி: சென்னை போய் ஏறினால் பயணம் குறையுமா? – வாசகர், மன்னார்குடி

பதில்: சென்னை–சிங்கப்பூர் சுமார் 2,925 கி.மீ. 55 கி.மீ. குறைவு என்றால் வானில் நாலு நிமிடம். அதற்காகத் தரையில் முந்நூறு கி.மீ. போவானேன்? கட்டணம் நிஜமாகவே குறைவாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். திருச்சி–சென்னை, சென்னை–சிங்கப்பூர் எனத் தனித்தனி டிக்கெட் எடுத்தால் சென்னையில் பெட்டியை வாங்கி மறுபடி போட வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் பணம் போனதுதான்.

கேள்வி: எங்கள் விமானம் ஞாயிறு 00.40. எப்போது வீட்டைவிட்டுக் கிளம்புவது? – வாசகர், திருவாரூர்

பதில்: சனிக்கிழமை சாயங்காலம். ஞாயிறு 00.40 என்றால் சனி நள்ளிரவு தாண்டி நாற்பதாவது நிமிடம். பலர் ஞாயிறு ராத்திரி போய் நின்று கோட்டைவிடுவது இந்த 00-வில்தான். மூன்று மணி நேரம் முன்னதாக, அதாவது சனி இரவு 9.40-க்குத் திருச்சி விமான நிலையத்தில் இருக்க வேண்டும். திருவாரூரிலிருந்து சுமார் 115 கி.மீ.; தஞ்சாவூர் நெரிசலையும் சேர்த்து மாலை 6.15-க்கு வண்டி ஏறுங்கள். செக்-இன் கவுன்ட்டரைப் பொதுவாக ஒரு மணி, ஒன்றேகால் மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் நிரப்பிவிடுங்கள். அந்நாட்டுக் குடிநுழைவுத் துறைத் தளத்தில் அது இலவசம். காசு கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.