விடியற்கால மலைப்படங்களில் நாய்ஸும் பிளரும் வராமல் எடுப்பது எப்படி?

கேள்வி: கொழுக்குமலையில் சூரிய உதயம் எடுத்தேன். ஐஎஸ்ஓவை (பதிந்த ஒளியை கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்ற அளவு) கூட்டினால் நிழல் பகுதியெல்லாம் புள்ளி புள்ளியாக நாய்ஸ். குறைத்தால் படம் பிளர் ஆகிறது. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமரா (ஒளியைப் பதியும் சென்சார் சற்றுச் சிறியது), அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ் வைத்திருக்கிறேன். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கு மாறினால்தான் சரியாகுமா?

பதில்: மாற வேண்டாம். உங்கள் கையில் இருப்பதே போதும். அந்தப் பணத்தில் ஒரு சின்னப் பங்கை நல்ல ட்ரைபாடுக்கு (முக்காலி) செலவிடுங்கள்.

நாய்ஸுக்குக் காரணம் ஐஎஸ்ஓ என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையான காரணம் வெளிச்சப் பற்றாக்குறை. ஒளி துகள் துகளாகத்தான் சென்சாருக்கு வந்து சேருகிறது, அதுவும் சீராக வருவதில்லை. ஒரு பிக்சலில் சராசரியாக 100 துகள் விழுந்தால் அதில் 10 வரை முன்பின் ஆவது சகஜம், அதாவது 10 சதவீதம். 10,000 துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 100தான், வெறும் 1 சதவீதம். இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் நாம் புள்ளிகளாகப் பார்க்கிறோம். ஐஎஸ்ஓவைக் கூட்டும்போது நாய்ஸ் தெரிவதற்குக் காரணம், அதோடு ஷட்டர் நேரத்தையும் (ஒளி உள்ளே வரும் நேரம்) குறைத்து விடுகிறோம் என்பதுதான்.

அதனால் ஒன்றை முதலில் நிறுத்துங்கள். ஐஎஸ்ஓ 200-இல் இருட்டாக எடுத்துவிட்டு, கணினியில் வெளிச்சத்தை மூன்று ஸ்டாப் (எட்டு மடங்கு) தூக்குவது. அதே ஷட்டர், அதே அப்பர்ச்சரில் (லென்ஸின் துளை அளவு) ஐஎஸ்ஓ 1600 வைத்திருந்தால் படம் அதைவிட மோசமாக வராது. பல கேமராக்களில் கொஞ்சம் சுத்தமாகவே வரும். ரா ஃபார்மட்டில் (சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பு) எடுங்கள். வானத்தின் வெளிச்சம் வெடித்துப் போகாத அளவுக்கு ஹிஸ்டோகிராமை (வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று கேமரா காட்டும் வரைபடம்) வலப்பக்கம் தள்ளி வையுங்கள்.

இப்போது ட்ரைபாடு கணக்கைப் பாருங்கள். கையில் பிடித்து ஐஎஸ்ஓ 1600-இல் 1/60 வினாடி தேவைப்படும் இடத்தில், ட்ரைபாடு இருந்தால் ஐஎஸ்ஓ 100-இல் கால் வினாடி. சென்சாருக்கு 16 மடங்கு வெளிச்சம் கிடைக்கிறது, நாய்ஸ் நான்கில் ஒன்றாகக் குறைகிறது. கேமரா மாற்றினால்கூட இவ்வளவு வித்தியாசம் கிடைக்காது.

ஆனால் கொழுக்குமலை மாதிரி முகட்டில் ட்ரைபாடு வைத்தால் மட்டும் போதாது. அங்கே காற்று தள்ளும். நடுக்கம்பத்தை உயர்த்தவே உயர்த்தாதீர்கள். தடிமனான மேல்கால்களை மட்டும் நீட்டி, கேமராவை இடுப்புக்குக் கீழே வையுங்கள். கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள், அது காற்றில் படபடத்து கேமராவை ஆட்டும். பையை ட்ரைபாடில் தொங்கவிட்டால் அது தரையைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும், ஊசலாடினால் வேறு வினையே வேண்டாம். அப்புறம் லென்ஸின் ஸ்டெபிலைசரை (கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதி) அணைத்துவிட்டு, 2 வினாடி டைமரில் எடுங்கள். ஜீப்பில் வந்த கூட்டம் பக்கத்தில் நடந்தால் மண்தரை அதிரும். ஒரே காட்சியை நாலைந்து தடவை எடுத்து வையுங்கள், ஒன்றாவது அசையாமல் கிடைக்கும்.

இத்தனைக்குப் பிறகும் பிளர் வந்தால், படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். எந்த வகை பிளர் என்று தெரியாமல் மருந்து தேட முடியாது. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கேமரா அசைந்திருக்கிறது. பாறை கூர்மையாக இருந்து புல்லும் தேயிலையும் மட்டும் குழம்பியிருந்தால் காற்று. அதற்கு ட்ரைபாடு உதவாது. அதே இடத்தில் ஐஎஸ்ஓவைக் கூட்டி 1/125-இல் இன்னொரு படம் எடுத்து, முன்னால் உள்ள செடிகளை மட்டும் அதிலிருந்து எடுத்து ஒட்டுவதே வழி.

படம் முழுக்க ஒரே மாதிரி மிருதுவாக இருந்தால் எஃப் எண்ணைப் பாருங்கள். அது அப்பர்ச்சரைச் சொல்லும் எண், எண் கூடினால் துளை சின்னதாகும். எல்லாம் ஃபோகஸில் வர வேண்டும் என்று எஃப்/22 வைக்கும் பழக்கம் நிறைய பேரிடம் இருக்கிறது. சின்னத் துளை வழியே போகும் ஒளி விரிந்து பரவும். எஃப்/22-இல் ஒரு புள்ளி சென்சாரில் சுமார் 30 மைக்ரான் அகல வட்டமாக விழுகிறது. உங்கள் பிக்சலோ 4 மைக்ரான்தான். எஃப்/8-இல் அந்த வட்டம் 11 மைக்ரானாகச் சுருங்கும். 18 எம்எம்மில் எஃப்/8 வைத்து, சுமார் இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் பொருளில் ஃபோகஸ் செய்தாலே ஒரு மீட்டரிலிருந்து தூரத்து மலை வரை போதுமான கூர்மை வந்துவிடும். இருட்டில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும். லைவ் வியூவில் பெரிதாக்கி மேனுவலில் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு வளையத்தைத் தொடாதீர்கள்.

முன்கண்ணாடியில் பனி படிந்திருக்கிறதா என்றும் நடுநடுவே பாருங்கள். அந்தக் குளிரில் இது அடிக்கடி நடக்கும், சின்னத் திரையில் தெரியாது. மைக்ரோஃபைபர் துணி ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும்.

ட்ரைபாடு தூக்க முடியாத நாளில், ஸ்டெபிலைசரைப் போட்டு 1/60-இல் 16 படங்களைத் தொடர்ச்சியாக எடுங்கள். ஃபோட்டோஷாப்பில் லேயர்களாக அடுக்கி, ஒன்றோடொன்று பொருத்தி, ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் (எல்லா லேயரையும் ஒன்றாகக் கட்டும் வசதி) ஆக்கி சராசரி எடுத்தால் சேரும் வெளிச்சம் அந்தக் கால் வினாடிப் படத்துக்குச் சமம். நாய்ஸும் ஏறக்குறைய அந்த அளவுக்கு இறங்கிவிடும். ஃபோன்களின் நைட் மோடும் அடிப்படையில் இதைத்தான் செய்கிறது. ஓடும் மேகம் மட்டும் இதில் சற்று வழவழப்பாகும்.

லைட்ரூம் மென்பொருளில் 2023-இல் வந்த ஏஐ டீநாய்ஸ் (நாய்ஸைக் குறைக்கும் கருவி) உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிறது. ஆனால் முழு அளவில் தள்ளினால் புல்வெளி மெழுகு பூசியது போல ஆகிவிடும். பாதியிலேயே நிறுத்துங்கள். ஷார்ப்பனிங்கை அதற்கு அப்புறம், அது எங்கெல்லாம் படலாம் என்று கட்டுப்படுத்தும் மாஸ்க்கிங் ஸ்லைடரை ஏற்றி, வானத்தில் படாமல் கொடுங்கள். கொஞ்சம் நாய்ஸ் மிச்சமிருந்தால் விட்டுவிடலாம். 24 மெகாபிக்சல் படத்தை ஃபோன் திரைக்குச் சுருக்கும்போது பெரும்பகுதி தானாகவே கரைந்துவிடும்.

கீழே தேனிப் பக்கச் சமவெளி மங்கலாகத் தெரிவதை மட்டும் எந்த செட்டிங்கும் தீர்க்காது. அது காற்றில் மிதக்கும் தூசியும் ஈரமும். வெயில் ஏறினால் தரைச்சூட்டில் காற்றே அலையடித்து, 55 எம்எம்மில் எடுக்கும் தூரத்துக் காட்சியை இன்னும் குழப்பும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போய், சூரியன் எழுந்த முதல் அரைமணிக்குள் தூரக்காட்சிகளை முடித்துவிடுங்கள். பக்கத்திலிருக்கும் தேயிலைச் சரிவுகளை அதற்குப் பிறகு நிதானமாக எடுக்கலாம்.