ஐயரம்மா பதில்கள்: பொன்னாடை யாருக்கு?

கேள்வி: எங்கள் ஆலயப் பாடகர் குழுவை முப்பது வருஷத்துக்கு மேல் நடத்தியவன் நான். ரிட்டயர் ஆன பின்பும் ஒரு ஞாயிறு தவறியதில்லை. போன வருஷம் சேகரக் கமிட்டி (சபை நிர்வாகக் குழு) என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு இளைஞரைத் தலைவராக்கிவிட்டது. பிரதிஷ்டைப் பண்டிகையில் பந்தல்காரர் வரைக்கும் பொன்னாடை போட்டார்கள். என் பெயரை வாசிக்கக்கூட இல்லை. அன்றிலிருந்து நான் பாட்டுக்குப் போவதில்லை. "இது உங்க பெருமை" என்கிறாள் மனைவி. நான் யாரிடமும் ஒரு கடுஞ்சொல் பேசியவன் அல்ல, தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) ஒழுங்காகக் கொடுப்பவன். நான் பெருமைக்காரனா? அப்படியென்றால் அதிலிருந்து வெளியே வர என்ன வழி?
– பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: தம்பி என்று கூப்பிடுகிறேன், எனக்கு எழுபது தாண்டிவிட்டது. சபைப் போதகரான ஐயரின் மனைவியாய் அவரோடு சேகரம் சேகரமாய் மாறிப் போனவள் என்பதால் பாடகர் குழுச் சண்டை எனக்குப் புதிதல்ல. கமிட்டித் தேர்தலில் கூடச் சமாதானம் ஆவார்கள். ஆல்ட்டோ பாடும் பெண்களுக்கும் டெனர் பாடும் ஆண்களுக்கும் நடுவே சமாதானம் பண்ணுவதுதான் பெரிய பாடு.

முதலில் உங்கள் பக்கம் ஒரு வார்த்தை. கமிட்டி செய்தது தப்பு. முப்பது வருஷம் உழைத்தவருக்கு ஒரு நன்றி சொல்ல அரை நிமிஷம் போதும். அதற்காக உங்கள் மனசு நொந்தால் அது பாவமில்லை, யாருக்கும் வலிக்கும். அவர்கள் எனக்குக் கடிதம் எழுதியிருந்தால் அவர்களைக் கண்டித்திருப்பேன். எழுதியது நீங்கள், அதனால் உங்களிடம் பேசுகிறேன்.

உங்கள் முழுக் கடிதத்தில் ஒரு வரி உண்டு, இங்கே மேலே அச்சிடவில்லை: "நான் இல்லாமல் இந்தக் கிறிஸ்மஸ் கேரல் எப்படி நடக்கிறது என்று பார்க்கிறேன்." வலி அந்த வரிக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது தம்பி. அதற்கப்புறம் இருப்பதைத்தான் உங்கள் மனைவி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆராதனையில் பாட்டு கெட்டுப்போகட்டும், அப்போதாவது என் அருமை தெரியட்டும் என்று ஒரு பாடகர் காத்திருந்தால், இத்தனை வருஷம் அவர் யாருக்காகப் பாடினார்?

பெருமைக்காரன் என்றால் மீசை முறுக்கி அதட்டுகிறவன் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் "கடுஞ்சொல் பேசியதில்லை" என்று எழுதுகிறீர்கள். நம் சபைகளில் உள்ள பெருமை பெரும்பாலும் மிருதுவாகத்தான் பேசும். "நான் ஒன்றுமில்லை ஐயா, எல்லாம் கர்த்தருடைய கிருபை" என்று குனிந்து சொல்லும். "ஆமாம், சரிதான்" என்று யாராவது ஒத்துக்கொண்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. நம்மை மறந்துபோகிற நாளில் நாம் எப்படி இருக்கிறோம் என்பதில்தான் அது பிடிபடும். புகழ்கிற நாளில் எல்லாரும் தாழ்மைதான்.

2 இராஜாக்கள் 5-ஆம் அதிகாரத்தைத் திரும்ப வாசியுங்கள். சீரியாவின் படைத்தலைவன் நாகமான் கெட்டவனல்ல, ராஜாவுக்கு வேண்டியவன், பராக்கிரமசாலி, ஆனால் குஷ்டரோகி. சுகம் தேடிக் குதிரைகளோடும் ரதத்தோடும் தீர்க்கதரிசி எலிசாவின் வாசலில் வந்து நிற்கிறான். எலிசா வெளியே வரக்கூட இல்லை, ஆள் அனுப்பி "யோர்தானில் ஏழுதரம் குளி" என்கிறார். நாகமானுக்கு வந்த கோபத்தைப் பாருங்கள். எலிசா வெளியே வந்து நிற்பான், கர்த்தருடைய நாமத்தைத் தொழுவான், கையினால் தடவுவான் என்றெல்லாம் "எனக்குள் நினைத்திருந்தேன்" என்கிறான். வரவேற்பு எப்படி நடக்கவேண்டும் என்ற முழு நிகழ்ச்சி நிரலும் அவன் மனசுக்குள் தயாராய் இருந்தது. உங்களுக்கும் பொன்னாடை, இரண்டு வார்த்தை, கைதட்டல் என்று ஒரு நிரல் இருந்தது. அவனுக்கு ஆமாம் சாமி போடாமல், "தகப்பனே" என்று பக்குவமாய்ச் சொல்லி ஆற்றில் இறங்க வைத்தவர்கள் அவனுடைய வேலைக்காரர்கள். உங்கள் வீட்டில் அந்த வேலையை மனைவி செய்கிறார்கள். அவர்களிடம் கோபப்படாதீர்கள்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். யாரும் அவரைப் பற்றிப் பிரசங்கம் பண்ணி நான் அதிகம் கேட்டதில்லை. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் அப்போஸ்தல இடத்துக்கு இரண்டு பேரை நிறுத்தினார்கள்: யுஸ்து என்னும் மறுபேருள்ள பர்சபா, மத்தியா. யோவான் ஸ்நானன் நாளிலிருந்து இயேசுவோடு நடந்த இருவர். சீட்டு மத்தியாவின் பேருக்கு விழுந்தது. இந்தப் பர்சபா அதற்கப்புறம் அப்போஸ்தலர் நடபடிகளில் வரவேயில்லை. ஒரு சீட்டில் போய்விட்டது அப்போஸ்தலப் பட்டம். அவர் முறைத்துக்கொண்டு போனதாக வேதத்தில் ஒரு வரி இல்லை. அடுத்த அதிகாரத்தில் பெந்தெகொஸ்தே நாளில் எல்லாரும் ஒருமனப்பட்டு ஓரிடத்தில் கூடியிருந்தார்கள் என்றிருக்கிறது. அவரும் அங்கே இருந்திருப்பார் என்றுதான் நான் நம்புகிறேன்.

சரி, வழி என்ன என்று கேட்டீர்கள். "தாழ்மையைத் தாரும்" என்று ஜெபித்துவிட்டுச் சாய்வு நாற்காலியில் காத்திருக்க வேண்டாம். அந்தத் தம்பி உங்கள் வீட்டுக்கு வந்து பாட்டுகளுக்கு ஸ்வரம் எழுதிய பழைய சோல்ஃபா நோட்டுகளைக் கேட்டதாகவும், "தேடிப் பார்க்கிறேன்" என்று அனுப்பிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நோட்டுகள் எங்கே இருக்கின்றன என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பீரோவைத் திறந்து எடுத்துக்கொண்டு நீங்களே அவர் வீட்டுக்குப் போங்கள். உங்கள் பென்சில் குறிப்புகளோடு கொடுங்கள், திருப்பித் தரும் தேதி கேட்காமல் கொடுங்கள்.

அடுத்த பயிற்சிக்குப் போய் கீழ்க்குரல் பாடும் பேஸ் வரிசையில் ஓரத்தில் நில்லுங்கள். அவர் தாளத்தை ஓட்டுவார், கீபோர்டில் ரிதம் போடுவார். ஞானப்பாட்டுக்கு எதற்கடா டிரம்ஸ் என்று உங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும் (எனக்கும் வரும்). கேட்டால் மட்டும் சொல்லுங்கள். ஒரு இடத்தில் "அங்கிள், நீங்க ஸ்வரம் இறங்குறீங்க" என்பார். இறங்கியிருந்தால் "சரி தம்பி" என்று திருத்திக்கொள்ளுங்கள். உங்களுக்கு உண்மையான பரீட்சை அதுதான், பொன்னாடை இல்லை.

கொடுப்பதை விட வாங்கிக்கொள்வதுதான் பெருமைக்குக் கஷ்டம். தசமபாகம் கொடுப்பவர்களுக்கு இது சட்டென்று விளங்காது. மேல் வீட்டறையில் இயேசு துண்டைக் கட்டிக்கொண்டு வந்தபோது பேதுரு என்ன சொன்னார்? "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது." கேட்பதற்கு எவ்வளவு பணிவு! ஆண்டவர் அதை மெச்சவில்லை. "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை" என்றார். காலைக் கழுவுகிறவனாய் இருக்க எத்தனையோ பேர் தயார், அதற்குப் போட்டோகூட எடுக்கிறோம். அழுக்குக் காலை இன்னொருவர் கையில் நீட்டத்தான் கூசுகிறது. உங்கள் மகன் வயசுள்ள ஒருவரிடமிருந்து திருத்தம் வாங்கிக்கொள்வதும் அந்தக் கால் நீட்டல்தான்.

ஒரு எச்சரிக்கை: திரும்பிப் போனதைச் சாட்சியாகச் சொல்லாதீர்கள். "கர்த்தர் என்னைத் தாழ்த்தினார்" என்று மைக்கில் சொல்ல ஆரம்பித்தால் அதற்கும் ஒரு பொன்னாடை வந்துவிடும்.

பொன்னாடை என்றதும் எங்கள் ஆலயங்களின் டியூப்லைட் நினைவுக்கு வருகிறது. வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு அதில் உபயதாரர் பெயர். மின்விசிறியிலும் பெயர், சுற்றும்போது வாசிக்க முடியாதே என்று அவர்களுக்குக் கவலை இருக்குமோ என்னவோ. டோனாவூருக்கு ஒருமுறை போய் வாருங்கள், களக்காட்டுப் பக்கம்தான். அங்கே வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-ல் இந்தியா வந்தவர், ஒரு தடவைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. ஊர் ஊராய்ச் சுவிசேஷம் சொல்ல வந்த அவருடைய நாட்கள் 1901-க்குப் பிறகு குழந்தைகளின் பாலுக்கும் தொட்டிலுக்கும் போய்விட்டன. 1931-ல் விழுந்து காலொடிந்த பின் ஏறக்குறைய 20 வருஷம் பெரும்பாலும் அறைக்குள்தான். 1951-ல் மரித்தபோது, அவர் கேட்டுக்கொண்டபடியே கல்லறைக் கல் நாட்டவில்லை. பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டி ஒன்றை வைத்தார்கள். பெயர் கல்லில் இல்லாததால் அவரை யாரும் மறந்ததாகத் தெரியவில்லை.

நோட்டுகளை இந்த வாரமே கொண்டுபோங்கள். கேரல் பயிற்சி தொடங்கிவிடும்.

கேள்வி: ஜெபக்கூட்டத்தில் நான் ஜெபித்தால் எல்லாரும் "எவ்வளவு அழகா ஜெபிக்கிற" என்கிறார்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது, பிறகு குற்றவுணர்வாய் இருக்கிறது. சத்தமாய் ஜெபிப்பதை நிறுத்திவிடவா?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: நிறுத்தாதே மகளே. நிறுத்தினால் "ஏன் ஜெபிக்கவில்லை" என்று நாலு பேர் கேட்பார்கள், அதுவும் உனக்குப் பிடித்துப்போகும். யாராவது பாராட்டினால் "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு செருப்பைத் தேடு. "ஐயோ, எனக்கு ஜெபிக்கவே தெரியாது" என்று மறுக்காதே, அது இன்னொரு தடவை பாராட்டச் சொல்லிக் கேட்பது. கூட்டத்தில் பாதி நேரத்தில் முடி. வியாதியாய் இருப்பவர்களைப் பேர் சொல்லி ஜெபி, அலங்கார வார்த்தை தானாகக் குறையும். மத்தேயு 6:6-ல் தனியாய் ஜெபிக்கச் சொன்ன அறை வீட்டுப்பாட மேசையாகக்கூட இருக்கலாம். அங்கே செலவழிக்கும் நேரம் கூட்டத்தில் செலவழிப்பதைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் நீ கவலைப்படு.

கேள்வி: தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். மேலதிகாரி நோயாளிகள் முன்னாலேயே கேவலமாய்த் திட்டுகிறார். "கிறிஸ்தவள் தாழ்மையாகப் பொறுத்துக்கொள்ள வேண்டும்" என்கிறார்கள் ஜெபக்குழுவில். சரியா?
– ஒரு சகோதரி, மதுரை

பதில்: சரியில்லை. பிரதான ஆசாரியன் முன் ஒரு சேவகன் அறைந்தபோது ஆண்டவர் மௌனமாய் இருக்கவில்லை. "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார். பிலிப்பி பட்டணத்தில் பவுலை விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்டுவிட்டு, மறுநாள் ரகசியமாய் அனுப்பிவிடப் பார்த்தார்கள். அவர் மாட்டேன் என்றார், அதிகாரிகளே நேரில் வந்து அழைத்துப்போகட்டும் என்றார். வந்தார்கள். நீங்களும் தேதி, நேரம், பேசிய வார்த்தை எல்லாம் குறித்து வைத்து, நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். கூட வேலை பார்ப்பவர்களும் கையெழுத்துப் போட்டால் நல்லது. ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.