விளையாட்டுக் கேள்வி நேரம்: ஐந்தாம் இடத்திலிருந்து மேலே போன லண்டன்

(இந்த வாரப் பதில்கள்: தென்மேற்கு லண்டனில் டூட்டிங்கிலிருந்து நம் விளையாட்டு எழுத்தாளர். பல வருடங்களாக ரக்பி லீக்கின் இரண்டாம் நிலைப் போட்டியான சாம்பியன்ஷிப்பைப் பின்தொடர்ந்து வருபவர்.)

ரக்பி என்றால் ஓர் அணிக்கு 15 பேர்தானே? நீங்கள் எழுதும்போதெல்லாம் 13 பேர் என்கிறீர்களே ஐயா?
(கல்லூரி மாணவர், சேலம்)

தம்பி, உலகக் கோப்பை என்று டிவியில் அதிகம் பார்ப்பது ரக்பி யூனியன். அதில்தான் 15 பேர். நான் எழுதுவது ரக்பி லீக். இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்‌ஷயரிலும் லங்காஷயரிலும் சுரங்கமும் நெசவாலையும் இருந்த ஊர்களில், தொழிலாளிகள் சனிக்கிழமை ஆட்டத்துக்காக வேலையை விட்டு வந்தால் அன்றைய கூலி போய்விடும். அந்த இழப்பை ஈடுகட்டலாமா கூடாதா என்பதில் தகராறு முற்றி, 1895 ஆகஸ்ட் 29-ம் தேதி ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடநாட்டுக் கிளப்புகள் தனியே பிரிந்தன. அப்புறம் விதிகளும் மாறின. 1906-ல் ஆட்கள் 13 ஆனார்கள்.

நமக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், இதில் கபடியின் சாயல் நிறைய உண்டு. பந்தோடு ஓடுகிறவரை எதிரணியில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து பிடித்து அமுக்குகிறார்கள். பிடிபட்டவர் எழுந்து, பந்தைத் தன் காலடியில் வைத்து, குதிகாலால் பின்னே உருட்டிவிட வேண்டும். எதிரணி 10 மீட்டர் பின்வாங்கி நிற்கும். மறுபடி ஓட்டம், மறுபடி பிடி. இப்படி ஆறு முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அதனால் ஐந்து பிடி முடிந்ததும் பெரும்பாலும் காலால் உதைத்துவிடுவார்கள். கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் அது 'ட்ரை', 4 புள்ளி. அதைத் தொடர்ந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2. இது போதும், ஆட்டம் பார்க்கலாம்.

சாம்பியன்ஷிப் சீசன் எப்படி நடக்கிறது? நம் ஊர் லீக் ஆட்டங்கள் மாதிரி இரண்டு மாதத்தில் முடிந்துவிடுமா?
(வாசகர், திருநெல்வேலி)

முடியாது. குளிர் விலகும் முன்பே தொடங்கி அக்டோபர் வரை இழுக்கும். 2023-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 14 அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற 13 அணிகளோடு சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என்று 26 ஆட்டங்கள் ஆடியது. எல்லா அணிகளும் ஒரே ஊரில் கூடி ஆடும் 'சம்மர் பாஷ்' வார இறுதி ஒன்று. ஆக மொத்தம் 27. வெற்றிக்கு 2 புள்ளி. முதல் ஆறு இடங்களைப் பிடித்தவை, மேலே போவது யார் என்று முடிவு செய்யும் பிளே ஆஃப் என்ற கடைசிக் கட்டத்துக்குப் போயின. கடைசி இரண்டு இடங்களில் நின்ற கீத்லியும் நியூகாஸிலும் கீழே இறங்கின.

கம்ப்ரியாவில் கடலோரம் இருக்கிற பாரோ, வைட்ஹேவன் ஒரு பக்கம், பிரான்சின் துலூஸ் இன்னொரு பக்கம். லண்டன் அணிக்கு வெளியூர் ஆட்டம் என்றாலே நெடும்பயணம். பக்கத்து ஊர் எதிரி என்று அந்த வருடம் யாருமே கிடையாது.

வேலைக்குப் போய்க்கொண்டே ஆடுகிறார்களாமே. அதை எப்படித் தொழில்முறைப் போட்டி என்கிறீர்கள்?
(வங்கி ஊழியர், கோவை)

சம்பளம் வாங்கி ஆடுகிறார்கள், ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால் பல கிளப்புகளில் அந்தச் சம்பளத்தில் மட்டும் குடும்பம் நடத்த முடியாது. அதனால் பகலில் பள்ளிக்கூடத்திலோ கட்டட வேலையிலோ இருந்துவிட்டு, மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை 80 நிமிடம் அடிவாங்கிவிட்டு, திங்கள் காலை வேலைக்குப் போகிற உடம்பு அது. முழுநேர அணிகளோடு இவர்கள் அதே 10 மீட்டரில் அதே வேகத்தில் மோத வேண்டும். நான் இந்தப் போட்டியைப் பார்க்கத் தொடங்கியதற்கு இதுதான் காரணம். 1895-ல் எந்தக் கூலிக்காகச் சண்டை போட்டார்களோ, அதே கணக்கு இன்னும் இந்த ஆட்டக்காரர்கள் வீட்டில் தீராமல் இருக்கிறது.

உங்களுக்கு மறக்கவே முடியாத சீசன் எது அண்ணா? விரிவாகச் சொல்லுங்கள்.
(வாசகி, மதுரை)

2023. யோசிக்கவே வேண்டாம்.

முதலில் ஃபெதர்ஸ்டோன் ரோவர்ஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அவர்களைச் சொல்லாமல் அந்த வருடத்தைச் சொன்னால் அநியாயம். யார்க்‌ஷயரில் ஒரு சின்ன நிலக்கரி ஊர். பெரிய நகரத்துக் கிளப்புகளை முட்டிச் சாய்த்து 1967, 1973, 1983 என மூன்று முறை, எல்லா நிலைக் கிளப்புகளும் மோதும் நாக் அவுட் போட்டியான சேலஞ்ச் கோப்பையை வாங்கிய ஊர். ஆனால் 1996-ல், சாம்பியன்ஷிப்புக்கு மேலே உள்ள முதல் நிலைப் போட்டியான சூப்பர் லீக் தொடங்கிய பிறகு ஒரு தடவைகூட அதற்குள் நுழைந்ததில்லை. 2019 இறுதி ஆட்டத்தில் கனடாவின் டொராண்டோவிடம் தோற்றார்கள். 2021 இறுதி ஆட்டத்தில் துலூஸிடம். 2022 அரையிறுதியில், தங்கள் சொந்த மைதானத்திலேயே, பேட்லியிடம். 2023-ல் மற்ற அணிகளை வெகு தூரம் பின்னால் விட்டு முதலிடத்தில் நின்றார்கள். அந்த நிலையிலும் ஆகஸ்டில் பயிற்சியாளர் ஷான் லாங்கை நீக்கினார்கள். முதலிடத்தில் இருக்கும் அணி பயிற்சியாளரை அனுப்புகிறது என்றால் அந்த ஊரின் பதற்றம் எவ்வளவு என்று பாருங்கள். இந்த முறையும் நழுவிவிடுமோ என்ற பயம்.

இந்தப் பக்கம் லண்டன் பிராங்கோஸ். 2022-ல் முழுநேர அணியாக இருந்ததைப் பகுதிநேரமாக மாற்றினார்கள். அந்த சீசனின் தொடக்கம் தோல்விமேல் தோல்வி. நடுவில்தான் மைக் எக்கில்ஸ் பயிற்சியாளர் பொறுப்புக்கு வந்தார். அடுத்த வருடம் ஐந்தாம் இடம். ஐந்தாம் இடத்துக்காரருக்கு பிளே ஆஃபில் அநேகமாக ஓர் ஆட்டம்கூடச் சொந்த ஊரில் கிடைக்காது. நாலாம் இடத்து ஷெஃபீல்டுக்குப் போய் ஜெயித்தார்கள். அதற்கடுத்து ஃபெதர்ஸ்டோன்.

அந்த அரையிறுதியில் லண்டன் 36, ஃபெதர்ஸ்டோன் 26. பிராங்கோஸ் எனக்கு நடக்கிற தூரத்து அணி, நான் அவர்கள் பக்கம்தான். ஆனாலும் ஆட்டம் முடிந்து கேமரா உள்ளூர் கூட்டத்தின் பக்கம் திரும்பியபோது மனசு கனத்தது. ஒரு வருடம் முழுக்க உழைத்துச் சேர்த்த முதலிடம் ஒரே மாலையில் கைவிட்டுப் போவது கொடுமைதான். ஆனால் பிளே ஆஃப் வைத்தால் அப்படித்தான். எல்லோரும் சீசன் தொடங்கும் முன்பே தெரிந்து ஒப்புக்கொண்ட விதி அது.

அக்டோபர் 15, 'கிராண்ட் ஃபைனல்' எனப்படும் இறுதி ஆட்டம், துலூஸின் எர்னஸ்ட் வாலோன் மைதானம். அங்கே லண்டனை ஒருவரும் கணக்கில் வைத்திருக்கவில்லை. லண்டன் பக்கம் ஆடிய கோரி நார்மன், முந்தைய வருடம் துலூஸுக்கு ஆடியவர். கடைசியில் 18-14 என்று லண்டன் ஜெயித்தது. வெறும் 4 புள்ளி முன்னிலை என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? எதிரணி ஒரு ட்ரை போட்டாலே சமன், அதற்கான உதையும் போனால் தோல்வி. அந்த நிலையில் ஒவ்வொரு பிடியும் உயிர்ப் பிடி. பிடித்தவர் எழுந்து, 10 மீட்டர் ஓடிப் பின்வாங்கி, திரும்பி முன்னேறி, மறுபடி பிடிக்க வேண்டும். களைத்த அணி எங்கே உடையும் என்றால் இந்தப் பின்வாங்கலில்தான். ஒருவர் இரண்டு அடி தாமதித்தால் சுவரில் ஓட்டை விழும். லண்டன் சுவரில் விழவில்லை.

அதே வருடம் ஆகஸ்ட் 12-ம் தேதியையும் சொல்ல வேண்டும். இரண்டாம், மூன்றாம் நிலைக் கிளப்புகளுக்கான '1895 கோப்பை' இறுதியில் ஹாலிஃபாக்ஸ் 12-10 என்று பேட்லியை வென்றது, வெம்ப்ளியில். அதே நாள், அதே புல்தரையில், சேலஞ்ச் கோப்பையை லீ அணி வாங்கியது. 17-16. சமனான பின் முதலில் புள்ளி எடுப்பவருக்கே வெற்றி என்ற 'கோல்டன் பாயிண்ட்' நேரத்தில், லாக்லன் லாம் பந்தைத் தரையில் தட்டி உதைத்த ஒரு புள்ளி 'டிராப் கோல்'. லீ அணி அதற்கு முந்தைய வருடம் வரை சாம்பியன்ஷிப்பில் ஆடியது. கீழே இருந்து வருகிறவர்களுக்குக் கதவு திறந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா?

அப்படி ஜெயித்த லண்டன் ஒரே வருடத்தில் கீழே வந்துவிட்டதே. அப்படியானால் அவர்கள் மேலே போனதே தவறு என்றுதானே ஆகிறது?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

இல்லை ஐயா, இதை நான் ஏற்கமாட்டேன். நடந்ததை வரிசையாகப் பாருங்கள். இறுதி ஆட்டம் முடிந்த அதே மாதம், கிளப்புகளை மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும் புதிய தரப் பட்டியலின் முன்னோட்டம் வெளியானது. ஐஎம்ஜி என்ற விளையாட்டு மேலாண்மை நிறுவனத்தின் ஆலோசனையில் வந்த முறை அது. ஒவ்வொரு கிளப்புக்கும் 20-க்கு மதிப்பெண். ரசிகர் பலத்துக்கு 5, ஆட்டத்துக்கு 5, நிதிக்கு 4.5, மைதானத்துக்கு 3, சமூகப் பணிக்கு 2.5. 15-ஐ எட்டினால் 'ஏ' தரம். லண்டன் வந்த இடம் 24. 2024 முடிவிலிருந்து இந்தப் பட்டியல்தான் யார் மேலே, யார் கீழே என்று தீர்மானிக்கும் என்பது விதி. அதாவது, சூப்பர் லீக்கில் முதல் பந்தை உதைக்கும் முன்பே லண்டனுக்குத் தெரியும், எப்படி ஆடினாலும் பெரும்பாலும் திரும்பிப் போக வேண்டியதுதான்.

அப்படித் தெரிந்த அணிக்கு எந்த நல்ல ஆட்டக்காரர் வருவார்? எந்த ஸ்பான்சர் பணம் போடுவார்? இருந்தும் 27 ஆட்டங்களில் 3 வென்றார்கள். பல வருடப் பெருமையுள்ள ஹல் எஃப்சியும் அதே 3 வெற்றிதான், அதே 6 புள்ளிதான். அடித்த, கொடுத்த புள்ளிகளின் கணக்கில் மட்டுமே லண்டன் கடைசி. 2019-லும் இவர்கள் 10 வெற்றி பெற்றும் இதே புள்ளி வித்தியாசத்தில்தான் சூப்பர் லீக்கிலிருந்து இறங்கினார்கள். தகுதி இல்லாதவர்கள் என்று இவர்களைச் சொல்ல எனக்கு வாய் வராது.

தர மதிப்பீடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டொராண்டோ வுல்ஃப்பேக்கை நினைத்துப் பாருங்கள். 2019-ல் சாம்பியன்ஷிப்பை வென்று, நியூசிலாந்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் சோனி பில் வில்லியம்ஸையே கூட்டிவந்து, 2020-ல் கொரோனா காலத்தில் சீசன் நடுவே விலகிப்போன அணி. சம்பளத்தை நம்பிக் குடும்பத்தோடு வந்த ஆட்டக்காரர்கள் தவித்தார்கள். எனவே மேலே போகிற கிளப்பின் கணக்குப் புத்தகத்தை முதலில் பார்க்கட்டும், மைதானம் பாதுகாப்பானதா என்று பார்க்கட்டும். அதில் தேறியவர்களுக்குள் மைதானத்தில் ஜெயித்தவர் மேலே போகட்டும். சமூக ஊடகத்தில் எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்பதுகூட மதிப்பெண்ணில் சேர்கிறது. அக்டோபரில் ஜெயித்த கிராண்ட் ஃபைனலுக்கு மேலாக அது நிற்கக் கூடாது. என் கட்சி இவ்வளவுதான்.

தர மதிப்பீட்டால் நன்மையே இல்லையா?
(வாசகர், புதுச்சேரி)

உண்டு. வேக்ஃபீல்ட் டிரினிட்டி 2023-ல் கீழே இறங்கியது. புது உரிமையாளர் மேட் எல்லிஸ் வந்தார், மைதானத்தைச் செம்மைப்படுத்தினார்கள். 2024-ல் 1895 கோப்பை, லீக் முதலிடம், கிராண்ட் ஃபைனல் மூன்றும் அவர்களுக்கே. இறுதியில் துலூஸை 36-0 என்று வென்றார்கள். 'ஏ' தரமும் கிடைத்து மேலே போனார்கள். ஆட்டமும் மதிப்பெண்ணும் ஒன்றாகப் பேசிய வருடம் அது.

2025 கிராண்ட் ஃபைனலில், யார்க் நகரில், துலூஸ் 10-8 என்று யார்க் அணியை வென்றது. 2026-க்கு சூப்பர் லீக் 12-லிருந்து 14 அணிகளாக விரிந்தது, சால்ஃபோர்ட் கீழே இறங்கியது. அதனால் அந்த இரண்டும், கூடவே பிராட்ஃபோர்டும் மேலே போயின.

பேட்லி மைதானம் சரிவாக இருக்குமாமே, உண்மையா?
(பள்ளி மாணவி, ஈரோடு)

உண்மைதான் பாப்பா. மவுண்ட் பிளசன்ட் என்று பெயர். ஒரு பாதி மேட்டைப் பார்த்து ஆட வேண்டும், மறுபாதி பள்ளத்தைப் பார்த்து. வெளியூர் அணிகள் முதலில் எந்தப் பக்கம் ஆடுவது என்பதையே ஒரு திட்டமாக வைத்துக்கொண்டு வரும். 1897-ல் முதல் சேலஞ்ச் கோப்பையை வென்ற கிளப் பேட்லிதான்.

லண்டனில்தான் இருக்கிறோம். பிள்ளைகளை ஒரு சாம்பியன்ஷிப் ஆட்டத்துக்குக் கூட்டிப்போகலாமா? கூட்டத்தில் சண்டை வருமோ என்று பயமாக இருக்கிறது.
(ஒரு தாய், தென் லண்டனின் மிச்சம் பகுதி)

தாராளமாகப் போங்கள் அக்கா. கால்பந்து மாதிரி இரண்டு அணி ரசிகர்களையும் தனித்தனியாகப் பிரித்து உட்காரவைப்பது இதில் வழக்கமில்லை. வடக்கிலிருந்து பஸ் பிடித்து வந்த வயதானவர்கள் உங்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பிள்ளைகளுக்கு விதி சொல்லிக்கொடுப்பார்கள். பிராங்கோஸ் ஆடுவது விம்பிள்டனில் பிளவ் லேன் மைதானத்தில். ஹேடன்ஸ் ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம். முதல் தடவை என்றால் கோட்டுக்குப் பக்கத்தில், கீழ் வரிசையில் உட்காருங்கள். ஆட்கள் மோதும் சத்தம் அங்கேதான் கேட்கும், டிவியில் அது வராது. சாயங்காலம் காற்று அடிக்கும், பிள்ளைகளுக்கு ஒரு ஸ்வெட்டர் கூட எடுத்துப்போங்கள்.