ஆறு எலிக்கு பார் சார்ட் போடலாமா? ஆய்வு மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மூன்று குழு எலிகள், குழுவுக்கு 6. சராசரியைப் பட்டையாகப் போட்டு மேலே எரர் பார் (எண்கள் எவ்வளவு மாறலாம் எனக் காட்டும் செங்குத்துக் கோடு) வைத்தேன். புள்ளிகளாகப் போடச் சொல்கிறார் கைடு. பட்டையில் என்ன தப்பு?

கைடு சொல்வதுதான் சரி. ஒரு குழுவின் அளவுகள் 18, 19, 20, 20, 21, 22. இன்னொன்றில் 12, 12, 13, 13, 14, 56 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் சராசரி 20, இரு பட்டையும் ஒரே உயரம். இரண்டாவது குழுவின் திட்டவிலக்கம் (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதன் அளவு) 17.7 என்பதால் எரர் பார் 2.3 முதல் 37.7 வரை நீளும். எலிகள் அந்த இடைவெளி முழுக்கப் பரவிக் கிடப்பதாகத்தான் பார்ப்பவருக்குத் தோன்றும். உண்மையில் ஐந்து எலிகள் 12க்கும் 14க்கும் நடுவே நெருங்கி நிற்கின்றன. ஆறாவது அந்தக் கோட்டுக்குள்ளேயே இல்லை. மருந்தளவு தவறியதா, மாதிரிக் குழாய் மாறியதா என்று நீங்கள் தேடிப் பார்க்க வேண்டிய எலி அதுதான். அதைப் படம் மறைக்கக் கூடாது.

எக்செலில் ‘ஸ்கேட்டர்’ வகையை எடுங்கள். கிடையச்சுக்குக் குழு எண்களை 1, 2, 3 எனக் கொடுங்கள். ஒரே மதிப்புள்ள புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் இருக்க 0.95, 1.00, 1.05 எனச் சற்றே நகர்த்துங்கள். இடைநிலை அளவை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பை, சிறு கிடைக்கோடாகப் போடுங்கள். கால்மானங்களை (வரிசைப்படுத்திய எண்களை நான்கு சம பங்காகப் பிரிக்கும் மதிப்புகள்) பெட்டியாகக் காட்டும் பாக்ஸ் பிளாட் இங்கே வேண்டாம். கால்மானங்களை நம்பிக் கணிக்க ஆறு எண் போதாது. குழுவுக்கு இருபதுக்கு மேல் இருந்தால் அது நன்றாகப் பொருந்தும்.

கேள்வி: எரர் பாருக்குத் திட்டவிலக்கமா, திட்டப்பிழையா?

எலிக்கு எலி எவ்வளவு வேறுபடுகிறது என்று காட்ட திட்டவிலக்கம். சராசரியை எவ்வளவு துல்லியமாகக் கணித்திருக்கிறீர்கள் என்று காட்ட திட்டப்பிழை. திட்டவிலக்கத்தை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப்பிழை. 25 மாதிரி என்றால் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். கோடு குட்டையாகத் தெரிகிறது என்பதற்காகவே பலர் அதை எடுப்பது வருத்தம் தருகிறது. சராசரிகளை ஒப்பிடுவதென்றால் 95% நம்பக இடைவெளியை (உண்மையான சராசரி இருக்கக்கூடிய எல்லை) போடுங்கள். ஆறு மாதிரிக்குத் திட்டப்பிழையை, பெரிய மாதிரிகளுக்குரிய 1.96ஆல் அல்ல, 2.57ஆல் பெருக்க வேண்டும். எதைப் போட்டாலும் அதன் பெயரையும் மாதிரி எண்ணிக்கையையும் படவிளக்கத்தில் எழுதுங்கள். ஒரே எலியின் ரத்தத்தை மூன்று முறை அளந்தால் மூன்று மாதிரி ஆகாது, ஒன்றுதான்.

கேள்வி: பாக்டீரியா எண்ணிக்கையை 0, 2, 4, 8, 24 மணியில் எடுத்தேன். வளர்ச்சிக் கோடு தாறுமாறாக வருகிறதே?

எக்செலின் ‘லைன்’ வகை இந்த நேரங்களை வெறும் பெயர்களாக எடுத்துக்கொண்டு, 2க்கும் 4க்கும் கொடுத்த இடைவெளியையே 8க்கும் 24க்கும் கொடுத்துவிடும். இதற்கும் ‘ஸ்கேட்டர்’தான். அடுத்து, பத்தாயிரத்திலிருந்து நூறு கோடிவரை ஏறும் எண்ணிக்கை சாதாரண அச்சில் முதல் சில மணி நேரம் தரையோடு ஒட்டிக் கிடக்கும். செங்குத்து அச்சை மடக்கை (லாக்) அளவுக்கு, அதாவது ஒவ்வொரு படியும் பத்து மடங்காக, மாற்றினால், வேகமாகப் பெருகும் கட்டம் நேர்கோடாகும். அதன் சரிவிலிருந்து இரட்டிப்பு நேரத்தையும் கணக்கிடலாம். மடக்கை அச்சில் பூஜ்யத்துக்கு இடமில்லை. காலனியே வராத தட்டுகளுக்கு 1 என்று மாற்றிப் போடாதீர்கள். கண்டறியும் கீழ்வரம்பை (உங்கள் முறையால் அளக்க முடிந்த மிகக் குறைந்த எண்ணிக்கை) புள்ளிக்கோடாக வரைந்து, அதற்குக் கீழே என்று குறியுங்கள்.

கேள்வி: முளைப்புத்திறன் 96%, 98%. வித்தியாசம் தெரிய பட்டையை 95இல் தொடங்கலாமா?

கூடாது. பட்டையில் கண் பார்ப்பது நீளத்தை. 95இல் வெட்டினால் ஒன்று மற்றதைவிட மூன்று மடங்காகத் தெரியும். புள்ளியாகப் போட்டால் 95இல் தொடங்கலாம்.

கேள்வி: 60 பேரின் ஹீமோகுளோபினை இரு கருவிகளில் அளந்தேன். ஒட்டுறவுக் கெழு (இரு அளவுகளும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதன் அளவு, அதிகபட்சம் 1) 0.99. சிதறல் படம் போதுமா?

போதாது. ஒரு கருவி எப்போதும் 1 கிராம் கூட்டியே காட்டினாலும் கெழு குறையாது. புள்ளியியலாளர்கள் பிளாண்டும் ஆல்ட்மனும் 1986இல் லான்செட் மருத்துவ இதழில் விளக்கிய படத்தைப் போடுங்கள்: கிடையச்சில் இரு அளவுகளின் சராசரி, செங்குத்தில் வித்தியாசம். வித்தியாசங்களின் சராசரிக்கு ஒரு கோடு. அதற்கு மேலும் கீழும் 1.96 திட்டவிலக்கத் தொலைவில் ஒவ்வொரு கோடு.

கேள்வி: எப்போது அட்டவணை?

படிப்பவருக்குத் துல்லியமான எண்ணே வேண்டும்போதும், பத்திக்குப் பத்தி அலகு மாறும்போதும். அலகைப் பத்தித் தலைப்பில் ஒரு முறை எழுதினால் போதும். 12.3478 ± 2.1364 என்பதை 12.3 ± 2.1 ஆக்குங்கள், தசமப் புள்ளிகள் ஒரே நேர்க்கோட்டில் வரட்டும். அதே எண்களுக்கு வரைபடமும் போட்டிருந்தால் இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள்.