‘கழுவிய’ தென்னைநார்க் கட்டியில் தக்காளி ஏன் கறுக்கிறது?

கேள்வி: தாம்பரத்தில் எங்கள் வீட்டு மாடியில், அழுத்திய கட்டியாக வாங்கிய தென்னைநார்க் கழிவை நிரப்பிய பைகளில் தக்காளி வளர்க்கிறேன். போர்வெல் தண்ணீர் உப்பாக இருப்பதால் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றி, வாரம் ஒரு முறை 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் கலந்தது) கொடுக்கிறேன். காய்களின் அடிப்பகுதி கறுத்து அமுங்குகிறது. கீழ் இலைகளில் நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்க, மற்ற இடமெல்லாம் மஞ்சளாகிறது. நர்சரியில் முதலில் பூஞ்சாணக்கொல்லி கொடுத்தார்கள். இப்போது வெளிநாட்டுக் கால்சியம், மெக்னீசியம் திரவம் ஒன்றை வாங்கச் சொல்கிறார்கள். கட்டியை விற்றவரோ அது நன்றாகக் கழுவியது என்று சொல்லித்தான் கொடுத்தார். திரவத்தை வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் செடிகளுக்குக் கால்சியமும் மெக்னீசியமும் தேவை என்பது உண்மைதான். ஆனால் அவை கால்சியம் நைட்ரேட், மெக்னீசியம் சல்பேட் என்ற பெயர்களில் உரக்கடைகளிலேயே கிடைக்கின்றன. பூஞ்சாணக்கொல்லியையும் இன்றே நிறுத்திவிடுங்கள். தக்காளியின் அடி இவ்வாறு கறுப்பது பூஞ்சாண நோய் அன்று, காய்க்குக் கால்சியம் போய்ச் சேராததன் விளைவு. கீழ் இலைகளின் மஞ்சள் மெக்னீசியக் குறைபாட்டின் அடையாளம். செடி பழைய இலைகளில் இருக்கும் மெக்னீசியத்தை எடுத்துப் புதிய தளிர்களுக்கு அனுப்புவதால்தான் அது கீழிருந்து தொடங்குகிறது.

இவை இரண்டும் ஏன் சேர்ந்து வந்தன என்பதற்கு விடை அந்தக் ‘கழுவிய’ என்ற சொல்லில் இருக்கிறது. தென்னை மட்டையில் இயல்பாகவே சாம்பல் சத்து (பொட்டாசியம்) மிகுதி. உப்பங்கழி நீரில் ஊறப்போட்ட மட்டையானால் சோடியமும் சேர்ந்துகொள்ளும். இவற்றில் ஒரு பகுதி நீரில் கரைந்து ஓடிவிடும். மற்றொரு பகுதி நார்த்துகள்களின் மேல் மின்னேற்றத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும். வெறும் தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் அது பெரும்பாலும் போகாது. கால்சியம் வந்தால்தான் தன் இடத்தை விட்டு அது வெளியேறும். அதனால், கழுவியதோடு நிறுத்திய கட்டியில் நீங்கள் ஊற்றும் கொஞ்சநஞ்சக் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் நார் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சாம்பல் சத்தை வேருக்குக் கொடுக்கிறது. சாம்பல் சத்து மிகுந்தால் மெக்னீசியத்தை உறிஞ்சும் ஆற்றல் வேருக்குக் குறையும். உங்கள் ஆர்.ஓ. தண்ணீரில் இந்த இரண்டு சத்துகளும் அநேகமாக இல்லை. 19:19:19 உரத்தில் அறவே இல்லை.

இடைத்தரகர்கள் விளையாடும் இடம் இதுதான். பொள்ளாச்சியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் தரமான கட்டி, கழுவப்பட்ட பிறகு கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைக்கப்பட்டே ஏறுகிறது; ஏனென்றால் அங்கே வாங்குபவர் அப்படித்தான் கேட்கிறார். நம் ஊர்த் தெருமுனை நர்சரிக்கு வருவதோ பெரும்பாலும் கழுவாத கட்டி, இல்லையென்றால் ஒரு தடவை நனைத்துக் காயவைத்த கட்டி. இரண்டின் மேலும் ‘கழுவியது’ என்ற ஒரே முத்திரை. உப்பு குறைவு என்று காட்ட அவர்கள் நீட்டும் டி.டி.எஸ். மீட்டரை நம்பாதீர்கள். நீரில் கரைந்திருக்கும் உப்பை மட்டும் அந்தக் கருவி காட்டும். நாரில் ஒட்டியிருப்பது அதற்குத் தெரியாது. கால்சியத்தில் ஊறவைத்த கட்டியா என்று கேளுங்கள். விழிப்பார்களானால், அது ஊறவைக்காத கட்டி என்றே கொள்ளுங்கள்.

இனி உங்கள் பைகளுக்கு வருவோம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் கால்சியம் நைட்ரேட் என்ற அளவில் கரைத்து, ஒவ்வொரு பையிலும் அடியிலிருந்து நீர் தாராளமாக வடியும் வரை மெதுவாக ஊற்றுங்கள். மூன்று நான்கு நாள் கழித்து மீண்டும் ஒரு முறை அவ்வாறே செய்யுங்கள். அதன் பிறகு, ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றும் காலம் முழுவதும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாசன நீரில் லிட்டருக்கு 1 கிராம் கால்சியம் நைட்ரேட்டும் அரை கிராம் மெக்னீசியம் சல்பேட்டும் சேருங்கள். ஐந்து லிட்டர் வாளிக்கு முன்னதில் தலை தட்டிய ஒரு தேக்கரண்டி, பின்னதில் அரைத் தேக்கரண்டி என்று வைத்துக்கொண்டால் போதும். இந்த நீர்த்த அளவில் இரண்டையும் ஒரே வாளியில் கலக்கலாம். கெட்டியான கரைசல்களாகக் கலந்து சேமித்தால் ஜிப்சமாகப் படிந்துவிடும். 19:19:19 உரத்தை மட்டும் அதே வாளியில் போடாதீர்கள். அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) கால்சியத்தோடு சேர்ந்து கரையாத வெண்படிவாகிவிடும். அதை வேறொரு நாளில், லிட்டருக்கு 1 கிராமுக்கு மிகாமல் கொடுங்கள், ஏனெனில் கால்சியம் நைட்ரேட்டிலேயே 15.5 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கிறது.

கடையில் கால்சியம் நைட்ரேட் இல்லை என்று சொல்லி, கால்சியம் அம்மோனியம் நைட்ரேட்டைக் கையில் கொடுப்பார்கள். இரண்டும் ஒன்றுதான் என்றும் சொல்வார்கள். ஒன்றல்ல. பின்னதில் கால்சியம் பெரும்பாலும் கரையாத கார்பனேட்டாக இருக்கிறது. அதன் அம்மோனியமோ கால்சியம் உறிஞ்சப்படுவதையே தடுக்கும். அந்த வெளிநாட்டுப் புட்டியின் கணக்கையும் பார்த்துவிடுங்கள்: கால்சியம் 3 சதவீதம் என்று போட்டிருந்தால், ஒரு லிட்டர் புட்டியில் இருப்பது ஏறக்குறைய 160 கிராம் கால்சியம் நைட்ரேட்டில் இருக்கும் கால்சியம்தான். சதவீதமே போடாத புட்டியைத் தொடவே வேண்டாம். 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறையில் இருக்கும் நாட்டில், சத்தின் அளவே எழுதாத புட்டிகள் அலமாரி அலமாரியாக விற்கப்படுகின்றன, கேட்பாரில்லை. மானியத்தில் தென்னைநார்க் கட்டியை மக்களுக்குக் கொடுக்கும்போது, கூடவே 100 கிராம் கால்சியம் நைட்ரேட் பொட்டலம் ஒன்றையும் வைத்தால் உங்களைப் போன்றவர்களின் பாதிக் கடிதங்கள் எழுதப்படாமலே போகும். இதை எத்தனை முறை சொல்வது?

முட்டை ஓட்டுத்தூள் மாதக்கணக்கில் கரையாது. வாழைப்பழத்தோல் ஊறிய நீர் இன்னும் கெடுதல்; ஏற்கெனவே மிகுந்துள்ள சாம்பல் சத்தையே அது கூட்டும்.

ஒரு விலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் படித்துவிட்டுப் போர்வெல் தண்ணீர் ஊற்றுபவர்களும் இதே அளவைப் போடுவார்கள். கடின நீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்தே வருகின்றன. சோப்பு நுரைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்தால் உங்கள் நீர் அத்தகையது. அதற்கு நான் சொன்ன அளவில் பாதியோ அதற்கும் குறைவோ போதும். ஆனால் உப்புக் கரிக்கும் நீரெல்லாம் கடின நீர் அன்று. கடலோர ஊர்களில் கரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் சோடியம்; டி.டி.எஸ். எண் 1,200 என்று வந்தாலும் அதில் எது எவ்வளவு என்று அது சொல்லாது. ஆகவே நீரை ஒரு முறை பரிசோதனைக்குக் கொடுத்து, கால்சியம், மெக்னீசியம், சோடியம் மூன்றையும் தனித்தனியாக எழுதித் தரும்படி கேளுங்கள். பாசனத்துக்கு ஏற்றது, ஏற்றதன்று என்ற ஒற்றை வரியோடு முடிவைத் திருப்பித் தந்தால் வாங்காமல் நின்று கேளுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவு நீர் இன்னும் செறிவான உப்பு நீர். அதைப் பைகளில் ஊற்றவே கூடாது.

அடுத்த கட்டி வாங்கும்போது, 5 கிலோ கட்டிக்கு 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டை 25 லிட்டர் தண்ணீரில் கரைத்து, முன்னமே இரு முறை அலசி வடித்த நாரில் ஊற்றி ஒரு நாள் ஊறவிட்டு, மீண்டும் அலசிய பிறகே பைகளில் நிரப்புங்கள். இப்போதைய செடிகளில் கறுத்த காய்கள் தேறா, அவற்றைப் பறித்துவிடுங்கள். பைகள் காய்ந்து பின் ஒரேயடியாக நனைவதும் இதே கறுப்பைக் கொண்டுவரும், ஏனெனில் கால்சியம் நீரோடு மட்டுமே காய்க்கு ஏறுகிறது. வெயில் நாளில் காலையும் மாலையுமாகப் பிரித்து ஊற்றுங்கள். மருந்து வேலை செய்கிறதா என்பதை, இனிமேல் பிடிக்கும் பிஞ்சுகளின் அடியை வைத்தே முடிவு செய்யுங்கள்.