பழைய பிஎஸ்3-இல் எச்டி வீடியோ: கேட்டவர்களுக்குப் பதில்

கல்யாண வீடியோ, போன் வீடியோ எதுவும் பிளேஸ்டேஷன் 3-இல் ஓடவில்லை என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். கேட்டவர்களை அவரவர் ஏரியா பெயரில் போட்டிருக்கிறேன். வீடியோ பற்றி மட்டும் சொல்கிறேன். கேம் காப்பி, ஜெயில்பிரேக் எல்லாம் என்னிடம் வேண்டாம்.

பெரம்பூர்: தங்கை கல்யாணம் எம்கேவி ஃபைலாக வந்திருக்கிறது. லேப்டாப்பில் ஓடுகிறது, பிஎஸ்3-இல் ஓடவில்லை. கன்வெர்ட் பண்ணணுமா அண்ணா?

அவசரப்படாதீங்க தம்பி. முதலில் ஃபைல் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோ டூலில் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். எச்.264 (வீடியோவைச் சுருக்கும் முறை), 8 பிட், ஹை புரொஃபைல், லெவல் 4.1 என்று இருந்தால் வீடியோவில் குறையே இல்லை. பிஎஸ்3-க்கு எம்கேவி என்ற வெளிப்பெட்டி தெரியாது, அவ்வளவுதான். டிபன் பாக்ஸை மாற்றுவதற்காகச் சாம்பார் சாதத்தை மறுபடி சமைப்பார்களா? எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச டூலில் வீடியோவை அப்படியே காப்பி செய்து, ஆடியோவை மட்டும் ஸ்டீரியோ ஏஏசி ஆக்கி எம்பி4-இல் போடுங்கள். சில நிமிட வேலை. படத்தின் தரம் துளியும் குறையாது. 5.1 டால்பி ஆடியோ அப்படியே வேண்டுமானால் டிஎஸ்மக்ஸர் டூல் வைத்து எம்2டிஎஸ் என்ற வேறு பெட்டியில் போடலாம்.

1080p-இல் ரெஃபரன்ஸ் ஃபிரேம் 4-ஐத் தாண்டியிருந்தாலோ, 10 பிட்டாக இருந்தாலோ மறுபடி என்கோட் செய்வதை (படத்தையே புதிதாகச் சுருக்குவதை) தவிர வழியில்லை. எது செய்தாலும் ஒரிஜினலை அழிக்காதீர்கள்.

தாம்பரம்: ஐபோனில் எடுத்த 4கே வீடியோ. எம்பி4 ஆக்கியும் ஓடவில்லை.

உள்ளே இருப்பது எச்.264-க்கு அடுத்து வந்த எச்.265. அந்தத் தரமே 2013-இல்தான் வந்தது. உங்கள் பெட்டி 2006-இல் வந்த மாடல். ஹேண்ட்பிரேக் என்ற கன்வெர்ட் டூலில் எச்.264, 1080p, லெவல் 4.1, ஆர்எஃப் (தரத்தை நிர்ணயிக்கும் எண்) 20, நொடிக்கு 30 ஃபிரேம் என்று வையுங்கள். கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்டைத் தேர்ந்தெடுக்க மறக்க வேண்டாம். போன் வீடியோவில் ஃபிரேம் ரேட் ஏறி இறங்கும். அதை அப்படியே விட்டால் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் போகலாம். இனி எடுப்பதற்கு, கேமரா செட்டிங்கில் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’, 1080p என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் இருக்கட்டும், அழிக்காதீர்கள்.

வேளச்சேரி: ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய 64 ஜிபி பென்டிரைவைப் பிஎஸ்3 கண்டுகொள்ளவே இல்லை. டூப்ளிகேட்டா?

கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் ஃபார்மேட்டைப் பாருங்கள். பிஎஸ்3-க்கு ஃபேட்32 வேண்டும். ரூஃபஸ் மாதிரி ஒரு டூலில் மாற்றலாம்.

அண்ணா நகர்: ரிசப்ஷன் மூன்று மணி நேரம். 4 ஜிபிக்கு மேல் காப்பி ஆகவில்லை. ஒரே ஃபைலாக வேண்டும், அம்மா பார்க்கணும்.

ஃபேட்32-இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 720p-க்கு இறக்கி, வீடியோ 2,800 கேபிபிஎஸ், ஆடியோ 160 என்று டூ-பாஸில் (முதல் முறை அலசி, இரண்டாம் முறை சொன்ன அளவுக்குள் சுருக்குவது) ஓட்டுங்கள். 4 ஜிபிக்குள் அடங்கும்.

அம்பத்தூர்: டூ-பாஸ் எல்லாம் பழைய காலம் சார். ஆர்எஃப் போதும்.

அளவு பற்றிக் கவலை இல்லாதபோது ஆர்எஃப்தான் நல்லது, நானே மேலே சொல்லியிருக்கிறேன். ஆனால் ரிசப்ஷன் மேடையை யோசியுங்கள். பட்டுப்புடவை ஜரிகை, பின்னால் மினுக்கும் சீரியல் லைட், ஐந்து நொடிக்கு ஒரு ஃபிளாஷ். ஆர்எஃப் அதற்கெல்லாம் கேட்டதைக் கொடுத்துக்கொண்டே போகும். கடைசியில் 5 ஜிபி வருமா 7 ஜிபி வருமா என்று முன்கூட்டியே தெரியாது. இங்கே அளவுதான் முதலில் முடிவானது.

அம்பத்தூர்: அப்போ கிராஃபிக்ஸ் கார்டில் விட்டால் சீக்கிரம் முடியுமே?

முடியும். ஆனால் இவ்வளவு குறைந்த பிட்ரேட்டில் ஜரிகை கட்டம் கட்டமாக உடைவதை நான் பார்த்திருக்கிறேன். ராத்திரி ஓட்டிவிட்டுத் தூங்குங்கள்.

மயிலாப்பூர்: இதற்கு ஏன் இத்தனை சண்டை? ரிசப்ஷனை நான்கு ஃபைலாக வெட்டிவிட்டால் 1080p-யே கிடைக்குமே.

என் ஓட்டும் இதற்குத்தான். கவர் கொடுத்து போட்டோவுக்கு நிற்கும் வரிசையை யாரும் மூன்று மணி நேரம் ஒரே மூச்சில் பார்ப்பதில்லை. ஆனால் அண்ணா நகர் ஒரே ஃபைல் கேட்டார், அதற்குப் பதில் சொன்னேன். வெட்ட மனமில்லை என்றால் கம்ப்யூட்டரில் யுனிவர்சல் மீடியா சர்வர் போட்டு நெட்வொர்க்கில் ஓட்டலாம். ஃபேட்32 தொல்லையே இல்லை.

வண்ணாரப்பேட்டை: எம்கேவி ஓடுமா?

பெரம்பூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

போரூர்: ஃபைல் பெயரில் எம்கேவியை எம்பி4 என்று மாற்றினால்?

பெயர்தான் மாறும். பெரம்பூர்.

குரோம்பேட்டை: பிஎஸ்2?

டிவிடி வீடியோவாக எரித்துப் போடுங்கள். 720×576-க்கு மேல் ஆசைப்படாதீர்கள். ஒரிஜினலை... சரி, தெரியுமே.

கே.கே. நகர்: தாத்தாவுக்குக் காது கேட்காது. தமிழ் சப்டைட்டில் வேண்டும்.

நல்ல கேள்வி. தனி சப்டைட்டில் ஃபைலை நம்ப வேண்டாம். ஹேண்ட்பிரேக்கில் ‘பர்ன் இன்’ போட்டு எழுத்தைப் படத்திலேயே பதித்துவிடுங்கள். பதிக்கக் கொடுக்கும் சப்டைட்டில் ஃபைல் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் இருக்கட்டும், நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி யுனிகோட் எழுத்துரு கம்ப்யூட்டரில் இருக்கட்டும். முழுதாக ஓட்டும் முன் ஒரு நிமிடத்தை மட்டும் மாற்றி டிவியில் பாருங்கள். ‘கெ’, ‘கொ’ வரும் இடத்தில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறதா, பின்னால் ஓடிவிட்டதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். எழுத்தைப் பெரிதாகவே வையுங்கள்.