கண்ணுக்குத் தப்பியது, கைக்குத் தப்பாதது

பார்த்ததே தெரியாத படங்கள் நம் கைகால் அசைவை எப்படிப் பாதிக்கின்றன என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். அதிகம் பேர் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: சினிமா ஓடும்போது நடுநடுவே கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விளம்பரம் காட்டி விற்பனையைக் கூட்டினார்களாமே, உண்மையா?

பொய். 1957-இல் ஜேம்ஸ் விகாரி என்ற அமெரிக்க விளம்பர ஆய்வாளர், நியூ ஜெர்சியில் ஒரு தியேட்டரில் அப்படிச் செய்ததாகவும் பாப்கார்ன் விற்பனை 57.7 சதவீதம் ஏறியதாகவும் அறிவித்தார். புள்ளிக்கு அப்புறம் ஒரு எண் இருந்தால் போதும், ஊர் நம்பிவிடும். 1962-இல் அது வியாபார வித்தைதான் என்று அவரே ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். கதைக்கு மட்டும் இன்னும் சாவு வரவில்லை.

கேள்வி: ஒன்றைப் பார்க்கவே இல்லை என்கிறீர்கள். அப்புறம் கைக்கு மட்டும் எப்படித் தெரிகிறது?

சோதனையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆள்காட்டி விரல்களும் இரண்டு பொத்தான்கள்மேல் இருக்கின்றன. அம்புக்குறி இடப்பக்கம் காட்டினால் இடது பொத்தான், வலப்பக்கம் காட்டினால் வலது. அவ்வளவுதான் வேலை. நீங்கள் கவனிக்காதது இது: அந்த அம்புக்கு முன்னால் இன்னொரு அம்பு, 16 மில்லி விநாடி மட்டும் தோன்றிப் போயிருக்கும். அதே இடத்தில் உடனே கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஒரு கிறுக்கல் வந்து அதன் தடத்தை அழித்துவிடும். கேட்டால், ‘கிறுக்கல்தான் பார்த்தேன்’ என்பீர்கள்.

1998-இல் மூளை ஆய்வாளர் ஸ்தனிஸ்லாஸ் தெஹானும் அவர் குழுவினரும் இதையே எண்களை வைத்துச் செய்தார்கள். எண் 5-ஐவிடப் பெரியதா, சிறியதா என்று பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். அதற்கு முன் 43 மில்லி விநாடி மறைவாக வந்துபோன எண் எதிர்ப்பக்கத்தைச் சேர்ந்ததாக இருந்தால் பதில் தாமதமானது. மூளையின் மின்னலைகளைப் பார்த்தபோது, அழுத்தக்கூடாத கைக்கான மோட்டார் கார்டெக்ஸ் (அசைவுக்குக் கட்டளையிடும் மூளைப்பகுதி) பகுதியே கொஞ்ச நேரம் தயாராகியிருந்தது. விரல் அசையவில்லை, அசைவதற்கான ஏற்பாடு நடந்துவிட்டது.

கண்ணில் பட்ட செய்தி மூளையில் முன்னோக்கி ஓடும் வேகம் மிக அதிகம். ‘பார்த்தேன்’ என்ற உணர்வு பிறக்க அது இன்னும் கொஞ்ச நேரம் மூளைக்குள் எதிரொலிக்க வேண்டும். கிறுக்கல் அந்த எதிரொலியைக் குலைக்கிறது, ஏற்கெனவே ஓடிப்போனதைப் பிடிக்க அதனால் முடிவதில்லை. ஆய்வாளர்களில் பலர் ஏற்கும் விளக்கம் இது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சதுரத்துக்கு இடது, வட்டத்துக்கு வலது என்று சொல்லி உட்கார வைத்தால், மறைவான சதுரம் இடது விரலைத் தள்ளும். விதியை மாற்றிச் சொன்னால் அதே சதுரம் வலது விரலைத் தள்ளும். ஆக, நீங்கள் முன்கூட்டியே திறந்து வைத்த கதவு வழியாகத்தான் அது உள்ளே வருகிறது.

கேள்வி: மறைவான அம்பும் பிறகு வரும் அம்பும் ஒரே பக்கம் காட்டினால் கை மெதுவாகும் என்று படித்தேன். அச்சுப் பிழையா?

இல்லை. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த சமாச்சாரம் அதுதான். 1998-இல் மார்ட்டின் ஐமர், ஃப்ரீடரிக்கே ஷ்லாகெக்கன் என்ற ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள். மறைப்புக்கு, அதாவது அந்தக் கிறுக்கலுக்கு, அப்புறம் இலக்கு (நீங்கள் பொத்தான் அழுத்த வேண்டிய அம்பு) உடனே வந்தால், ஒரே பக்கம் காட்டும் மறைவான அம்பு கையை வேகப்படுத்தும். சுமார் 100 மில்லி விநாடி தள்ளி வந்தால் நிலைமை தலைகீழ்: ஒரே பக்கமானால் தாமதம், எதிர்ப்பக்கமானால் வேகம்! மின்னலைகளிலும் முதலில் அந்தக் கை தயாராவதும் பிறகு எதிர்க்கை பக்கம் சாய்வதும் தெரிந்தது. தொடங்கிவிட்ட அசைவுக்கு ஆதாரம் தொடர்ந்து வராததால் மூளை தானாகவே பிரேக் போடுகிறது என்று அவர்கள் சொன்னார்கள். மறைப்பிலுள்ள கோடுகளே எதிர்த்திசை அம்பு போல வேலை செய்கின்றன என்று மறுத்தவர்களும் உண்டு. சில வகை மறைப்புகளுக்கு அதுவும் பொருந்துகிறது. ஆனால் அசைவைக் கட்டுப்படுத்த உதவும் நெற்றிப் பகுதி மூளையின் உட்புறத்தில் மிகச் சிறிய சேதம் உள்ளவர்களிடம் இந்தத் தலைகீழ் விளைவு காணப்படவில்லை என்று 2007-இல் வந்த ஆய்வு, என்னைப் பிரேக் கட்சியில் சேர்த்துவிட்டது.

கேள்வி: பார்க்கவில்லை என்று சொல்பவர் லேசாகப் பார்த்திருக்கலாமே?

நியாயமான சந்தேகம். அதனால்தான் வாய்வார்த்தையை நம்புவதில்லை. ‘இடதா, வலதா, ஊகித்தாவது சொல்லுங்கள்’ என்று நூற்றுக்கணக்கான முறை கேட்பார்கள். நாணயம் சுண்டியது போல பாதிக்குப் பாதி வந்தால்தான் கணக்கில் எடுப்பார்கள். பழைய ஆய்வுகள் சிலவற்றில் இந்தப் பகுதி கொஞ்சம் நோஞ்சான்தான்.

கேள்வி: தன்னம்பிக்கை வாசகங்களைக் கண்ணுக்குத் தெரியாமல் காட்டும் ஆப் பயன்படுத்தலாமா?

காசு மிச்சம் பிடியுங்கள். இந்த விளைவு சில பத்து மில்லி விநாடி அளவு. ஒரு நொடிக்குள் கரைந்துவிடும்.

கேள்வி: சோதனைக்கூடத்துக்கு வெளியே இதெல்லாம் நடக்கிறதா?

நடக்கிறது. கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் கணத்தில் நாம் ஏறக்குறைய குருடு. 1986-இல் மெல்வின் குடேலும் சக ஆய்வாளர்களும் அந்தக் கணத்தில் ஒளிப்புள்ளியைச் சற்று நகர்த்தினார்கள். நகர்ந்ததை யாரும் உணரவில்லை. ஆனால் அதை நோக்கி நீண்ட கை பாதி வழியில் திசை திருத்திப் புதிய இடத்துக்கே போனது. ஒரு பொருளை எட்டி எடுக்கும்போதும் உங்கள் கை இப்படிப் பல திருத்தங்களைச் சொல்லாமல் செய்கிறது.

கேள்வி: வீட்டில் செய்து பார்க்க முடியுமா?

முடியும். சாதாரண கணினித் திரை நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கிறது. ஒரு தடவை காட்டும் படம்தான் ஒரு சட்டகம், அதாவது 16.7 மில்லி விநாடி. அம்பு ஒரு சட்டகம், கிறுக்கல் ஆறு சட்டகம், பிறகு இலக்கு. கிறுக்கலை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் ஒரே சட்டகம் வந்த அம்பும் பளிச்சென்று தெரிந்துவிடும்.